வாசல் தூண்

எண்பத்தோராம் வருஷம் ராஜபாளையம் கடைத்தெருவில் கருத்தப்பாண்டி கட்டிய ஜவுளிக்கடைக்கு இன்னும் பன்னிரண்டு வயசுகூட ஆகவில்லை. அதற்குள் வாசல் தூண் அடியில் வெடித்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது.

"காண்ட்ராக்டர் உப்பு மணலைப் போட்டு ஏமாத்திட்டான் பாய். கேஸ் போடாம விடமாட்டேன்!" என்று, தூணைப் பார்க்க வந்த அல்லா பிச்சையிடம் கருத்தப்பாண்டி கொதித்தார்.

கான்கிரீட் பழுதுபார்ப்பதில் அல்லா பிச்சையை மிஞ்ச அந்தப் பக்கம் ஆளில்லை. மற்ற பதினொரு தூண்களையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எல்லாம் கணீரென்று சத்தம் கொடுத்தன.

"மணல் உப்பா இருந்தா பன்னெண்டு தூணும்லா வெடிச்சிருக்கணும், அண்ணாச்சி?"

வாசல் தூணில் பெயர்த்த சில்லை நாக்கில் வைத்தார். கரித்தது.

"இதுக்கு மட்டும் உப்பு எங்கருந்து வருது? இங்கன உப்பு மூட்டை அடுக்குவீயளோ?"

"ஜவுளிக்கடையில உப்பு மூட்டைக்கு என்ன வேலை?"

அப்போது கருத்தப்பாண்டியின் மனைவி பாலம்மாள் சொம்போடு வந்தாள்.

"செத்த நவுருங்க பாய், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

கைப்பிடி உப்பைக் கடைக்கு மூன்று சுற்றுச் சுற்றி, சொம்புத் தண்ணீரில் கரைத்து, தூணடியில் ஊற்றினாள்.

"கட்டின நாள்லருந்து ஒரு வாரம் தவறினதில்ல. அதான் எவன் கண்ணும் படாம கடை நிக்குது."



அல்லா பிச்சை நிதானமாக உளியைத் துடைத்தார்.

"துருவைச் சுரண்டி, புதுக்கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுத் தாரேன் அண்ணாச்சி. முப்பது வருஷத்துக்குத் தூணு அசையாது, அதுக்கு நான் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் நீங்க பொறுப்பு."