மறு தெரியாத லென்ஸ்

குணவதி கணவனின் சட்டையைத் தூக்கிப் பிடித்து அவன் முதுகைக் கேமராவுக்குக் காட்டினாள். நான்கு மாதத்துக்கு முன் கடுகளவு இருந்த மறு இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்து, ஓரத்தில் கசியவும் தொடங்கியிருந்தது.

“தோல் சுத்தமா இருக்கேம்மா,” என்றார் சுகாதார நிலையத்தின் திரையில், சென்னையிலிருந்து பேசிய டாக்டர். “எதைக் காட்டுறீங்க?”

“என் கட்டைவிரல் பக்கத்துல, டாக்டர். கறுப்பா இருக்குது பாருங்க.”

“விரல்தான் தெரியுது. கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எப்படிம்மா ஆபரேஷன் எழுதிக் கொடுக்கிறது?”

“இன்னா சொல்றாரு?” என்றான் கணவன் தணிகைவேல், திரும்பாமலே.

குணவதி கேமராவை நோக்கிக் குனிந்தாள். கேமராவின் வளையத்தில் பொறித்திருந்த பெயரை அப்போதுதான் பார்த்தாள். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி. பதினோரு வருஷமாக அங்கே லென்ஸைச் சோதிப்பவள் அவள்தான். பொம்மை முகத்தில் வைத்த கரும்புள்ளி பளிச்சென்று தெரிந்தால் பச்சைப் பொத்தான், மங்கினால் சிவப்பு. முகத்துக்குக் கிரீம் விற்கும் முதலாளிகள் கம்பெனியை வாங்கிய மறுவாரமே அது தலைகீழானது. புள்ளி மறைந்தால்தான் பச்சை. ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

“வேற எங்கயாவது இருக்காம்மா?” என்றார் டாக்டர். அடுத்த நோயாளியின் பெயர் திரையின் ஓரத்தில் வந்துவிட்டது.

குணவதி திரையைப் பார்த்தாள். கணவனின் முதுகு அப்பழுக்கில்லாமல் மின்னியது. பழக்க தோஷத்தில் அவள் கட்டைவிரல், பச்சைப் பொத்தானை அமுக்குவதுபோல, மறுவின் மேல் அழுந்தியது.

“அங்கதான் வலிக்குது,” என்றான் தணிகைவேல்.