ஏற்றத்தில் நழுவும் சங்கிலி

மழை விட்டு, நார்வேயின் பெர்கன் நகர மலைச்சாலை வெயிலில் மின்னுகிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாக சைக்கிள் ஏறிய சுன்னிவா, பாதி ஏற்றத்தில் இறங்கி நிற்கிறாள். அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் பெடல் 'டக்'கென்று நழுவுகிறது. "என் காலுக்குத் தெம்பு இல்ல, ஹல்வார். தள்ளிட்டே வீட்டுக்குப் போயிடலாம்." கூட வந்த கணவன் அவள் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றுகிறான். சங்கிலி இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே தத்தளிக்கிறது. "காலை ஏன்டி திட்டுற? கியர் கேபிள்தான் தொய்ஞ்சு கிடக்கு." கேபிள் முனையிலுள்ள சின்னத் திருகை அரைச்சுற்று திருப்புகிறான். கடகடப்பு அடங்கி, சங்கிலி ஒரே பல்சக்கரத்தில் ஒழுங்காக ஓடுகிறது. "இப்ப மிதி." ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள். நழுவவில்லை. இன்னும் அழுத்துகிறாள், ஈரச்சாலை பின்னே போகிறது. "ஏய், நான் வர வேணாமா?" என்று கத்துகிறான் ஹல்வார். வளைவுக்கு அப்பாலிருந்து அவளுடைய சைக்கிள் மணியோசை கேட்கிறது.