பெரிய டிரம்மின் பங்கு

எங்கள் ஊரில் மலையுமில்லை, ஆறுமில்லை. மூன்று தலைமுறையாக ஒரு வாத்தியக் குழு மட்டும் உண்டு. அதில் ஒருவர் செத்துப்போனால் அவர் பங்கை வேறு யாரும் வாசிப்பதில்லை. பாட்டில் அந்த இடம் மௌனமாகவே போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் என் மைத்துனன் பெரிய டிரம்மை ஓங்கி அடித்தான். சத்தமே வரவில்லை.

"ஏன்டா, காலையில சாப்பிடலையா?" என்றேன்.

"நீங்களே அடிச்சுப் பாருங்க மாமா."

அடித்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் மறுபடி அடித்தான். ஒன்றுமில்லை.

குழுத் தலைவர் வெளிறிப்போனார். "சரி, இவன் பங்கை விட்டுட்டு வாசிங்கப்பா" என்றார்.

"யோவ், நான் உயிரோடதான்யா இருக்கேன்!" என்று மைத்துனன் எழுந்து நின்று கத்தினான்.

வாயசைவை வைத்துத்தான் நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம்.