கோபப்படாத பயணி

முழு வாளித் தண்ணீரையும் அந்த அம்மாள் மேல் கவிழ்த்துவிட்டேன். தலையில் விழுந்து, தோளில் வழிந்து, மடியில் குளம் கட்டியது.

"மன்னிச்சுக்கம்மா, கால் தட்டிக்கிச்சு" என்றேன். அந்த பிளாட்பாரத்தில் கால் தட்ட ஒரு கல்கூடக் கிடையாது.

திட்டுக்காகக் காத்து நின்றேன். சித்திரை வருஷப் பிறப்பு தவறாமல் நான் யாராவது ஒருவரை நனைப்பேன். அவர்கள் என் பரம்பரையைப் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் விசாரிப்பார்கள். போன வருஷம், திருமலையில் மொட்டை போட்டுத் திரும்பிய ஒருவர் குடையாலேயே விசாரித்தார்.

இந்த அம்மாள் திட்டவில்லை. முந்தானையைப் பிழிந்துவிட்டு, "வெய்யிலுக்கு நல்லாத்தான் கீது" என்று சிரித்தாள்.

ரங்கூனிலிருந்து நடந்து வந்த நாள் முதலாக நான் தேடிக்கொண்டிருந்த ஆள்!

பர்மாவில் இதே நாட்களில்தான் வருஷப் பிறப்பு. தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு. போலீஸ்காரனையும் நனைக்கலாம், துரையையும் நனைக்கலாம். நனைந்தவர் கோபப்படக் கூடாது. பழைய வருஷத்து அழுக்கு போயிற்று என்று சிரிக்க வேண்டும். ஆகவே இந்த நாளில் தண்ணீரைக் கொட்டியும் சிரிக்கிற ஆள் அந்த ஊர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

இதற்கு ரேணிகுண்டா ஜங்ஷனில் கோடைக்காலத் தண்ணீர்க்காரனாக இருப்பது சௌகரியம். நாலு திசை ஜனமும் நம் வாளிக்கு முன்னால் வந்துதான் தீர வேண்டும். என்ன, முகம் பார்க்க நேரம் இருக்காது. நீட்டுகிற டம்ளரைத்தான் பார்க்க முடியும்.

"ஏமய்யா ரங்கூன், ஆரம்பிச்சிட்டியா?" என்றான் போர்ட்டர் சிட்டிபாபு. "இந்த மாசந்தான் திருத்தணியை மெட்ராஸ்காரங்களுக்குக் குடுத்தாங்க. கூடவே உன்னையும் கட்டி அனுப்பியிருக்கணும்."

எனக்கென்ன? எல்லைக்கோட்டை எங்கே மாற்றிப் போட்டாலும் நான் அதற்கு அந்தப் பக்கத்து ஆள்தான்.

"வாளிய எறக்கி வைண்ணா" என்றாள் அந்த அம்மாள். "சோத்தாங்கைப் பக்கம் தோளு நோவுமே உனக்கு."

தோள் வலியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாளே! ஊர்ப்பாசம் என்றால் சும்மாவா? பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் அம்சவேணி என்றாள். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை நான்.

தண்ணீர் வீசிய பையன்களைப் பர்மாப் பெண்கள் வளைத்துப் பிடித்து முகத்தில் சட்டிக்கரி பூசுவதைச் சொன்னேன். "எனக்கும் பூசினாங்க. பூசினதுக்கும் முன்னாடி இருந்ததுக்கும் வித்தியாசம் தெரியலன்னு கரியை மிச்சம் பண்ணிக்கினு போயிட்டாங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த அரிசிமாவு உருண்டை ஞாபகம் இருக்குதா? எல்லாத்துலயும் வெல்லம். ஒண்ணே ஒண்ணுல மட்டும்..."

"ஒண்ணுல இன்னா வெச்சாங்க?"

"மொளகா!"

"அய்யய்யோ, யாருக்குண்ணா அது வந்துச்சு?"

"வேற யாருக்கு?"

தெரிந்துகொண்டே தெரியாதவள் போல் எவ்வளவு அழகாகக் கேட்கிறாள்!

புத்தூர் பாசஞ்சர் வந்தது, நின்றது, கிளம்பியது. அவள் எழுந்திருக்கவே இல்லை. எனக்காக ஒருத்தி ரயிலையே விட்டுவிட்டாள். என் கதைக்காக அதுவரை யாரும் ஒரு பீடியைக்கூட அணைத்ததில்லை.

அந்தத் தைரியத்தில், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஜப்பான் சண்டை வந்தபோது காட்டு வழியே நடந்ததை. கூடக் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக வழியில் உட்கார்ந்ததை, உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்காததை. என் தங்கை உட்கார்ந்த இடத்தைச் சொல்ல வந்ததும் எனக்கு வேடிக்கையாகப் பேச வரவில்லை.

அம்சவேணி "அப்புறம்?" என்று அவசரப்படுத்தவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, என் புராணம் போதும்" என்றேன். "ரங்கூன்ல நீ எந்தத் தெரும்மா?"

"நீ பேசுண்ணா."

"எந்தத் தெருன்னு சொல்லேன். எனக்கு எல்லாத் தெருவும் தெரியும்."

"பின்னாடி தெரு."

"எதுக்குப் பின்னாடி?"

"இந்த ஸ்டேஷனுக்குப் பின்னாடி."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ ரங்கூன்?"

"படத்துலகூடப் பார்த்ததில்ல."

பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். யாரோ ஒரு ரேணிகுண்டாக்காரியிடம் என் தங்கையின் கதையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

"அப்புறம் எதுக்கு உக்காந்து கேட்டுக்கினு இருந்தே? தலையில தண்ணியக் கொட்டினவன் மேல ஏன் கோவம் வரல? மழுப்பாம நேராச் சொல்லும்மா!"

ஈர முந்தானையை மடியில் வைத்து மடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வூட்ல பேச ஆளில்ல, தெனமும் இங்க வந்து குந்திக்கினு இருப்பேன். ரெண்டு கோடையா உன் கையாலதான் தண்ணி வாங்கிக் குடிக்கறேன். இன்னிக்குத்தாண்ணா நீ என் மூஞ்சியப் பார்த்தே."