அடியிலிருந்து கிளம்பிய விரிசல்

கடைசிச் சில்லும் பொருந்திவிட்டது.

திரையில் பானை சுழன்றது.

இரண்டு கைக்குள் அடங்கும் பானைதான். முப்பத்தேழு சில்லுகள். ஒவ்வொன்றையும் சுழல்மேடையில் வைத்து, ஸ்கேனரின் நீல வெளிச்சத்தைப் பாய்ச்சி, திருப்பிப் போட்டு மறுபடி பாய்ச்சி, நான்கு நாள் ஓடிவிட்டது. எந்த விளிம்பு எந்த விளிம்போடு சேரும் என்று கணினி தேடித் தேடி ஒட்டியது. குயவனுக்கு ஆறு மாதம், தடிக்காரனுக்கு அரை நாழிகை என்பார்கள். ஒட்டவைப்பவளுக்கு எத்தனை நாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் ஒன்றுமே அசையவில்லை.

விரிசல்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன.

அடியிலிருந்து.

மேலிருந்து மண் தோண்டும் கொத்து விழுந்தால் பானை தோளில்தான் நொறுங்கும். இது கைதவறிக் கீழே விழுந்த பானை. அகழாய்வுக் குழியில் நாலு மாதம் இருந்த யாருக்கும் பார்த்தவுடன் புரியும்.

அவளுக்குக் கணினி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று சாப்பாட்டு நேரம். குழியில் ஆள் இல்லை. பானையின் வாய் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. துணி சுற்றாமல், துணைக்கு ஆள் இல்லாமல் பானையைத் தூக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற விதி. ஆனால் இரண்டாயிரம் வருடம் கீறல்கூட விழாமல் கிடந்த பானை அது. முதலில் தன் கையில் இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

அவ்வளவுதான்.

சுற்றி மண்ணை விலக்கித் தூக்கியதும் கை நழுவிக் குழியோரக் கல்லில் விழுந்தது. சில்லுகளை இருந்த இடத்திலேயே போட்டு மண்ணைத் தள்ளினாள்.

செல்லக்கனி சாப்பிட்டு வந்து கொத்தைப் போட்டதும் சில்லுகள் வந்தன. ஏழு வருடமாகக் குழிவேலை பார்ப்பவள். “பாவி கை” என்று தன் கையையே அடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பக்கத்திலேயே நின்றாள் இவள். வாய் திறக்கவில்லை. வெட்கமாகக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அருங்காட்சியகத்தில் காட்ட விரிசல் தெரியாத பானை வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார். அதற்கு ஒரு பொத்தான் போதும்.

அழுத்தினாள்.

கோடுகள் மறைந்தன. மனம் லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். செல்லக்கனி. விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்தவள், திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“முழுசா ஆயிட்டே! அப்பம் நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுமா மேடம்?”

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள்.

கோடுகள் திரும்ப வந்தன. செல்லக்கனியின் சிரிப்பு போய்விட்டது.

“டைரக்டர் சாரைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க.”

செல்லக்கனி தூக்கைக் கீழே வைத்தாள். திட்டு வாங்கப் போகிறவளைப் போல, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.