உயரமான நாற்காலி

பெண்கள் சமத்துவத்துக்கென்று அரசு புதிதாக அமைத்த ஆணையத்தில், தலைவராக உட்கார்ந்த செண்பகவல்லிக்குக் கால் தரையில் படவில்லை. ஆறடி ஆண்களுக்காக எந்தக் காலத்திலோ செய்த நாற்காலிகள். முதல் கூட்டம் முழுக்க அவள் கால்கள், குளத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் விட்டதுபோல, மேசைக்கடியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. பேனா விழுந்து குனிந்தபோது பார்த்தாள்: மற்ற உறுப்பினர்களின் சேலைக்கரைகளும் ஆடின. கூட்டம் முடிந்ததும், அவள் வரச்சொல்லியிருந்த தச்சர் ரம்பத்தோடு வந்து நின்றார்.

“நாலு காலையும் கொஞ்சம் அறுத்துடட்டுமா மேடம்? உங்களுக்குத் தோதா இருக்கும்.”

“நாற்காலி அப்படியே இருக்கட்டும். தரையை ஏத்துங்க.”

தச்சர் சிரித்தார். சிரித்தபடியே மேசைக்கடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியை விட்டு இன்னும் இறங்காத செண்பகவல்லியின் கட்டைவிரல் நுனியில், மேலே எழுந்துவந்த தரையின் சிமெண்ட் சில்லென்று பட்டது.