சிகரத்தின் விலாவில் ஒரு சிப்பி

பனி மூடிய மலைச்சிகரம் ஒன்றின் விலாவில், பாறையோடு பாறையாக இறுகிப்போன கடற்சிப்பி ஒன்று இருந்தது. எந்த மேகம் வந்தாலும் சிகரம் ஒரே கதையைத்தான் சொல்லும்.

"எனக்கு யாரும் கை கொடுக்கலைம்மா. சொந்த முயற்சியிலதான் இவ்வளவு உயரம் வந்தேன்."

கேட்டுக் கேட்டுச் சிப்பிக்கு எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்தால் இங்கே இடமில்லை என்று சிகரம் மிரட்டியிருந்ததால் பொறுத்துக்கொண்டது. ஆனால் அன்று சிகரம், "கடலா? அந்தச் சேத்து நாத்தமே எனக்கு ஆகாது" என்றதும் சிப்பியால் அடக்க முடியவில்லை.

"அந்தச் சேத்துலதானே நாம ரெண்டு பேரும் ஒண்ணாக் கிடந்தோம்? அடியில ரெண்டு நிலத்தட்டு மோதி நெருக்கித் தள்ளினதாலதான் நீயும் மேல வந்தே, நானும் வந்தேன். இன்னிக்கும் அதுங்கதான் உன்னைத் தூக்கிட்டிருக்கு. ஒரு தடவையாவது அதைச் சொன்னியா?"

"யாரு இது, உங்க சொந்தமா?" என்றது மேகம்.

"தெரியாதும்மா. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு," என்ற சிகரம் விலாவை உலுக்கியது. சிப்பி இருந்த பாறை பெயர்ந்து பள்ளத்தாக்கில் விழுந்தது.

விழுந்த இடத்திலிருந்து சிப்பி அண்ணாந்து பார்த்தது. பாறை பெயர்ந்த இடம் முழுக்கச் சிப்பிகள்.

"கொஞ்சம் இப்படி வந்து மறைச்சு நில்லும்மா," என்று சிகரம் கெஞ்சியது.

"காத்து இழுக்குது, நான் வரேன்," என்று மேகம் நகர்ந்தது.

அடியில் தட்டுகள் இன்னும் கொஞ்சம் நெருக்கின. சிகரம் ஒரு நகக்கண் அளவு உயர்ந்தது. அத்தனை சிப்பிகளும் அதோடு உயர்ந்தன.